‘ஒருவருக்கும் இல்லை’ எனப் பதியப்பட்டது

1

சென்ற கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அழைப்பு வந்தது. நோர்வேயின் மேற்குக் கரையில், ஒரு படகுத்துறையும் இரண்டு பள்ளிக்கூடங்களும் உள்ள சிறிய நகரத்தில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதலில் மீன் தொழிற்சாலையில் வேலை. பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். குழாய் உடைந்தாலும் கதவு இறுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையுறையைக் கழற்றித் தொலைபேசியை எடுப்பதற்குள் விரல் விறைத்துவிட்டது.

பேசியது குகன். எங்கள் ஊர்ப் பிரதேச சபையின் உறுப்பினர். என் அண்ணரிடம் அரசியல் பழகியவர். அண்ணர் அந்தச் சபைக்குத் தவிசாளராக, அதாவது தலைவராக இருந்தவர். போன தை மாதம் காலமானார்; வருகிற தையில் முதலாம் ஆண்டுத் திவசம்.

“அண்ணை, ஐயாவின்ரை ஆட்டைத்திவசம் வருகுதெல்லோ. அதையொட்டி ஒரு விசயம் செய்யிறம். புதுச் சந்தைக் கட்டடத்துக்கு அவற்றை பெயரை வைக்கச் சொல்லி நான் பிரேரணை குடுத்திருக்கிறன். ஒருத்தரும் எதிர்க்கமாட்டினம். பெயர்க்கல்லும் பொழியக் குடுத்தாச்சு.”

“நல்லது” என்றேன்.

“ஒரு சின்ன நினைவு மலரும் அடிக்கிறம். ஐயாவைப் பற்றி ஒரு பக்கம் நீங்கள்தான் எழுதித் தரவேணும். பொதுவாழ்வில் தூய்மை எண்டு தலைப்புப் போட்டிருக்கிறம். உங்களைவிட ஆருக்கு அவரைத் தெரியும்?”

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி பனியை வழித்தேன். பிள்ளைகள் வருவதற்குள் வாசல் துப்புரவாக இருக்கவேண்டும். அன்றைக்கு வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்திருக்கிறேன். கீழே கல் தெரிந்த பிறகும் வழித்திருக்கிறேன். ஒரு வாத்தியார் வந்து, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்.

2

ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருதனார்மடத்தில் பஸ் மாறிப் போகிற தூரம்.

அந்தப் பக்கத்தை எழுத அன்று பின்னேரமே உட்கார்ந்தேன். எழுதுவதற்கு விடயம் இல்லாமல் இல்லை. எங்கள் தகப்பனார் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது, அண்ணருக்கு இருபது. படிப்பை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகப் போனார். என்னைப் படிக்கவைத்தார். பிறகு, ஊரில் இருந்தால் உயிர் தங்காது என்று ஆனபோது என்னை வெளியே அனுப்பினார். தான் போகவில்லை. “எல்லாரும் போனால் இஞ்சை ஆர் நிக்கிறது?” என்று கேட்டார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு சபைத் தேர்தலில் நின்று வென்றார். வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் சபைக்குப் போவார். தெருவிளக்குப் போடும் வேலை வந்தபோது, எங்கள் ஒழுங்கையைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளினார். பக்கத்து ஒழுங்கைக்காரர் வெளிச்சத்தில் நடக்க, எங்கள் ஒழுங்கை ஒரு வருடம் இருட்டில் கிடந்தது. அண்ணிக்கு டெங்குக் காய்ச்சல் வந்த அன்று சபையின் வாகனம் சாரதியோடு படலையடியில் நின்றது. அண்ணர் சாரதியை அனுப்பிவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த மனிசியை வாசலில் இருத்திவிட்டு, றோட்டுக்குப் போய் ஓட்டோ மறித்து வந்தார். “அது சபையின்ரை வாகனம்” என்றாராம். அண்ணி இதை என்னிடம் திட்டிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தத் திட்டுக்குள் ஒரு பெருமை இருந்தது.

இவையெல்லாம் உண்மை. ஒரு எழுத்துக்கூட மிகைப்படுத்தவில்லை. முக்கால் பக்கம் நிறைந்தது. அதற்குப் பிறகு, அவர் சபையில் எப்படி நடந்துகொண்டார் என்று எழுதவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த நாளும் அங்கேயே நின்றேன். அதற்கடுத்த நாளும்.

3

என் மகள் அபிராமிக்கு இருபத்தெட்டு வயது. இங்கேயே பிறந்தவள். அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் எங்கள் நகரசபைக்கு உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டாள். முடிவு வந்த அன்று அவளுடைய பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாமல் உள்ளூர் வானொலிக்காரர் மூன்று தரம் முயன்றார். நானும் மனைவி சுகந்தியும் குசினியில் நின்று கேட்டுச் சிரித்தோம். பிறகு சுகந்தி அழுதாள்.

அபி தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். எங்களோடு தமிழில்தான் தொடங்குவாள், அரைவழியில் நோர்வேஜிய மொழிக்கு ஏறிவிடுவாள். நாங்கள் பின்னால் ஓடிப் பிடிப்போம். குகன் பேசிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை வந்தபோது மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அப்பா, எனக்கு ஸ்ரீலங்காவில காணி இருக்குதா? நான் என்ரை சொத்தைக் காட்டிக்குடுக்க வேணும்.”

சுகந்தி சிரித்தாள். “காட்டவேணும் எண்டு சொல்லு பிள்ளை. காட்டிக்குடுக்கிறது வேறை.”

“என்ன வேறை?”

“அது, கூட இருந்த ஆளைப் பிடிச்சுக் குடுக்கிறது.”

“ஓ” என்று அபியும் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

நகரசபை உறுப்பினர்கள் எல்லோரும் நிரப்பவேண்டிய படிவம் அது. என்ன வேலை, எந்தச் சங்கத்தில் அங்கம், எங்கே என்ன சொத்து, வெளிநாட்டில் இருந்தால் அதுவும். நிரப்பினால் இணையத்தில் ஊரே பார்க்கலாம். அபி அதைப் பல்லு விளக்குகிற மாதிரி ஒரு வேலையாகச் சொன்னாள்.

இங்கே ‘இன்ஹபீல்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரே சொல்லில் தமிழ்ப்படுத்த எனக்குத் தெரியவில்லை. சபையில் பேசப்படும் விடயத்தில் தனக்கோ தன் வீட்டாருக்கோ பங்கிருந்தால், அந்த உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு எழும்பி வெளியே போய்விட வேண்டும். அதுதான் அந்தச் சொல். சுகந்தி நகரத்து முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். அபியின் முதலாவது கூட்டத்திலேயே அந்தச் சமையலறையைப் பற்றிய பேச்சு வந்திருக்கிறது. இவள் கையை உயர்த்தி, அம்மா அங்கே வேலை செய்கிறா என்று சொல்லிவிட்டு, வெளியே கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றிருக்கிறாள்.

“எல்லாருக்கும் முன்னால எழும்பிப் போக வெக்கமாயிருக்கேல்லையோ?” என்று சுகந்தி கேட்டாள்.

“ஏன் வெக்கம்? போகாமல் இருந்தால்தானே வெக்கம்.”

பிறகு படிவத்துக்குத் திரும்பினாள். காணி அவளுடைய பெயரில்தான் இருக்கிறது என்று சுகந்தி சொன்னாள். அவளுக்கு இருபத்தைந்து வயதானபோது நன்கொடை உறுதிப்பத்திரம் எழுதியிருந்தோம். கையெழுத்து வைத்ததை அவள் மறந்தே போய்விட்டாள்.

“அதுக்கு முதல் ஆற்றை பெயரில?”

“என்ரை பெயரில. பெரியப்பாதான் பாத்து வாங்கித் தந்தவர்.”

அபி தட்டச்சுவதை நிறுத்தினாள். “பெரியப்பா அப்ப மேயரா இருந்தவரா?”

பிழையான சொல்தான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பள்ளிக்கூடத்துச் சூடாக்கியைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு நான் சப்பாத்தைப் போட்டேன். சூடாக்கியில் எந்தப் பிழையும் இல்லை. பூட்டிய பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன்.

4

அந்தக் காணியைப் பற்றி அண்ணர் தொலைபேசியில் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“தம்பி, நாலு பரப்பில ஒரு துண்டு வருது. சந்தைக்குப் பின்னால ஒழுங்கையில. இப்ப பத்தை பிடிச்சுக் கிடக்கு, பிறகு நல்லாய் வரும். நீ வயசுபோனாப் பிறகு வந்திருக்க ஒரு இடம் வேணுமெல்லோ. சுகந்தியின்ரை பெயரில எழுதுவம்.”

“ஏன் சுகந்தியின்ரை பெயரில?”

“கேள்வி கேளாமல் அற்றோணிப் பத்திரத்தை அனுப்பு.”

சுகந்தி வேறு ஊர், கரவெட்டிப் பிள்ளை. உறுதியில் சேர்ந்த அவளுடைய தகப்பனாரின் பெயர் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. விற்றவர் கொழும்பில் இருந்தார், உறுதியும் கொழும்பிலேயே முடிந்தது. எங்கள் திருமணத்தைப் பேசி முடித்துவைத்ததற்காக நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்த அண்ணர் கேட்டார். எங்களுக்காக அவர் கையெழுத்து வைக்கலாம் என்ற அந்தப் பத்திரத்தை நான் அனுப்பினேன். அவர் தனக்கென்று ஒரு சாண் நிலம் வாங்கியதில்லை. வாங்கியது எனக்காக. இதை எழுதும்போது அவருக்காக வாதாடுகிறேனா, எனக்காக வாதாடுகிறேனா என்று பிரித்தறிய முடியவில்லை.

அதே வருடம் ஆடி மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். “வந்து பார், சபை எப்பிடி நடக்குதெண்டு” என்று அண்ணர் கூட்டிப்போனார். பார்வையாளர் வாங்கில் நானும் இரண்டு முதியவர்களும் மட்டும். அன்று பேசப்பட்டது, புதுச் சந்தைக் கட்டடத்தை எங்கே கட்டுவது என்பது. கிழக்குப் பக்கம் பிரதான வீதியில், பஸ் தரிப்பிடத்தோடு சபைக்கு ஒரு நிலம் இருந்தது. அங்கேதான் பெண்கள் இருந்து மீன் விற்றார்கள். பஸ்ஸால் இறங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். மேற்குப் பக்கம், பழைய சந்தைக்குப் பின்னால் இன்னொரு நிலம். அங்கே கட்டினால் ஒழுங்கையை அகலித்து வீதி போடவேண்டும். போட்டால் எங்கள் நாலு பரப்புக்கு வீதி முகப்பு வந்து விலை ஏறிவிடும்.

அன்று அங்கே வந்து இருக்கும்வரை இது எனக்குத் தெரியாது. வரைபடத்தைச் சுவரில் மாட்டியபோதுதான் தெரிந்தது. எங்கள் காணி அதில் வெறும் கட்டமாக இருந்தது.

அண்ணர் மேற்குப் பக்கத்துக்காகப் பேசினார். வெள்ளம் நிற்காது, வாகனம் திரும்ப இடமுண்டு. நியாயமான காரணங்கள்தான். அதன் பிறகு ஒரு பெண் உறுப்பினர் எழும்பினார். ஜெசிந்தா என்று பெயர். மயிலிட்டியில் பிறந்தவர். கடற்கரையை இராணுவம் மூடியபோது இடம்பெயர்ந்து, முகாமில் பல வருடம் இருந்து, பிறகு எங்கள் ஊரில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தவர். தானும் ஒரு காலத்தில் அந்தப் பஸ் தரிப்பிடத்தில் மீன் விற்றவர். அந்தப் பெண்களின் வாக்கில்தான் சபைக்கு வந்திருந்தார்.

“தவிசாளர் அவர்களே, ஒரு கேள்வி. அந்த ஒழுங்கைக் காணியளில இந்தச் சபையில இருக்கிற ஆருக்கும், அவையின்ரை வீட்டாக்களுக்கும் பங்கு இருக்கோ? இருந்தால் இப்ப சொல்லிப்போட்டு, வாக்களிக்காமல் இருக்கட்டும்.”

அண்ணர் முன்னாலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை. செயலாளர், பதியுங்கோ.”

“ஒரு துண்டு அண்மையில கை மாறினதெண்டு கேள்விப்பட்டன்.”

“கேள்விப்பட்டதை வைச்சுச் சபை நடத்தேலாது, ஜெசிந்தா.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செயலாளர் எழுதினார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. மேற்கு வென்றது. அண்ணர் ஒரு தடவைகூட நான் இருந்த பக்கம் திரும்பவில்லை.

5

அடுத்த நாள் காலை மருதனார்மடத்துக்குப் போகப் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். ஜெசிந்தா அக்கா மீன் விற்கிற பெண்களோடு கதைத்துக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் வந்தார்.

“நீங்கள் தவிசாளற்றை தம்பியெல்லோ. நேற்று பின்னால இருந்தனீங்கள்.”

“ஓம் அக்கா.”

“உங்கடை அண்ணையில எனக்கு மரியாதை இருக்கு தம்பி. ஊரில எல்லாருக்கும் இருக்கு. அதாலதான் கேக்கிறன். நீங்கள் வெளியில இருக்கிறவர், இஞ்சத்தை அரசியலால உங்களுக்கு ஒண்டுமில்லை. அந்த நாலு பரப்பு ஆற்றை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது அக்கா.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் தெரியாது எண்டால் நான் நம்புவன்.”

யோசிப்பதற்கு நேரம் தந்தார். அதுதான் என்னை இன்றுவரை விடாத விடயம். அவர் அவசரப்படுத்தவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கி, ஒரு பெண் சூடை மீன் வாங்கி, பஸ் புறப்படும்வரை அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியாது” என்றேன்.

“சரி தம்பி. அப்ப நான் ஒரு நல்ல மனிசனைப் பற்றிப் பிழையாய்க் கதைச்சிட்டன்.”

நான் நோர்வேக்குத் திரும்பி வந்த பிறகு நடந்ததை அண்ணர்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில் ஜெசிந்தா அக்கா எழுத்தில் ஒரு மன்னிப்பைக் கொண்டுவந்து வாசித்திருக்கிறார். ஆதாரமில்லாமல் சந்தேகம் எழுப்பியதற்கு வருந்துகிறேன் என்று. அது கூட்டறிக்கையில் சேர்ந்தது.

“நீர் ஏதும் கதைச்சனீரோ அவவோடை?” என்று அண்ணர் கேட்டார். கோபமோ அன்போ கூடினால் மட்டும் அவர் என்னை ‘நீர்’ என்பார்.

“கேட்டவ. தெரியாது எண்டன்.”

“சரி, குளிருக்கை கவனமாய் இரு” என்று சொல்லி வைத்தார்.

அடுத்த தேர்தலில் ஜெசிந்தா அக்காவுக்குக் கட்சி இடம் கொடுக்கவில்லை. வீண்பழி சுமத்துகிறவர் என்று பேர் வந்துவிட்டதாம். கடற்கரை விடுவிக்கப்பட்டதும் அவர் மயிலிட்டிக்கே திரும்பிப் போய்விட்டார். மீன் விற்ற பெண்களைப் புதுக் கட்டடத்தின் பின்மூலைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸால் இறங்குகிறவர்கள் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. அண்ணரும் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. எல்லோரும் கேட்டும் மறுத்துவிட்டார். வயது போய்விட்டது என்றார். நாங்கள் இருவரும் வாரம் தவறாமல் கதைத்தோம். அந்தக் காணியைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

6

கொதிகலன் அறையிலிருந்து வீட்டுக்குப் போனேன். அபி இன்னும் போகவில்லை. மடிக்கணினி திறந்தபடி இருந்தது. சுகந்தியையும் இருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுகந்திக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. உறுதியில் ஏன் தன் பெயர் வந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி இருந்தது.

அபி, நான் சொல்லி முடிந்ததும் நோர்வேஜிய மொழிக்கு மாறாமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் கேட்டாள். “பெரியப்பா எழும்பிப் போகேல்லையா?”

“இல்லை.”

“அந்த அன்ரிக்கு நீங்கள் பொய் சொன்னீங்களா?”

“ஓம்.”

படிவத்தில் காணியை எழுதினாள். எப்படி வந்தது என்று படிவம் கேட்கவில்லை. ஆனால் கீழே ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. அதில் நீளமாக எதையோ எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. பிறகு மடிக்கணினியை மூடினாள்.

“என்ரை பங்கை நான் எழுதீட்டன். அந்தக் காணி எனக்கு வேண்டாம், திருப்பிக் குடுக்கிற வழியைப் பாக்கிறன். மற்றது உங்கடை.”

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாப்பிட வரவில்லை. கூட்டம் இருக்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூட்டம் நடப்பதில்லை.

7

தை மாதம் திவசத்துக்குப் பத்து நாள் முன்பாகவே ஊருக்குப் போனேன். மலருக்கான பக்கம் முக்காலோடு நின்றிருந்தது. அண்ணி வீட்டில்தான் தங்கினேன். சபைக் கூட்டம் வியாழக்கிழமை, குகனின் பிரேரணை அன்றுதான். திவசம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மயிலிட்டிக்குப் போனேன்.

துறைமுகத்துக்குப் பின்னால், பாதி பூசிய சுவரோடு ஒரு வீடு. ஜெசிந்தா அக்கா வலை காயப்போட்ட மதிலடியில் நின்றார். முடி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டார். கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். குடித்த பிறகு சொன்னால் இன்னொரு ஏமாற்றாகிவிடும் போலிருந்தது.

சொன்னேன். கடற்கரைப் பக்கம் ஒரு படகின் இயந்திரம் தொடங்கி நின்றது.

“ஆற்றை பெயரில எண்டனீங்கள்?”

“என்ரை மனிசியின்ரை. இப்ப மகளின்ரை.”

“உங்கடை மனிசியின்ரை.” அவர் அதைத் திரும்பச் சொன்னார். “நான் கூட்டத்துக்கு முதலே காணிக் கந்தோருக்கும் போனனான் தம்பி. கரவெட்டிப் பெயர் ஒண்டு கிடந்தது. ஆர் எண்டு விளங்கேல்லை. அதுக்குப் பிறகுதான் உங்களிட்டைக் கேட்டனான்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“நான் எழுத்திலதான் மன்னிப்புக் கேட்டனான். நீங்களும் எழுதித் தாங்கோ.”

எழுதினேன். வாசித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். “இதில ‘தெரிந்தோ தெரியாமலோ’ எண்டு கிடக்கு.”

“ஓம்.”

“தெரிஞ்சு எண்டு எழுதுங்கோ.”

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தெரிந்துகொண்டே பொய் சொன்னேன் என்று எழுதினேன். அண்ணர் சபையில் சொன்ன பதில் உண்மையல்ல, காணி என் மனைவியின் பெயரில் இருந்தது, அதை அவர் அறிவார் என்று எழுதினேன். கையெழுத்து வைக்கும்போது, செத்துப்போன ஒருவரின் கையைப் பிடித்து எழுதவைப்பது போல இருந்தது. அந்தக் கை என்னை விமானம் ஏற்றி அனுப்பிய கை.

“இதைச் சபையில வாசிக்கக் குடுப்பன். உங்களுக்குச் சம்மதமோ?”

“ஓம்.”

“உங்கடை அண்ணிக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“இல்லை.”

“அதை நீங்கள்தான் சொல்லவேணும்” என்றார்.

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. அண்ணி திவசத்துக்குப் பயறு புடைத்துக்கொண்டிருந்தார், ஐயருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார், வாழையிலைக்கு ஆள் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, இலையைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு மூடினேன்.

8

வியாழக்கிழமை சபையில் அந்தக் கடிதத்தைச் செயலாளர் வாசித்தார். புதிய ஆள், இளம் பெண். நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். நான் பார்வையாளர் வாங்கில் இருந்தேன், ஜெசிந்தா அக்கா அதே வாங்கின் மற்ற நுனியில். யாரும் சிரிக்கவில்லை.

அனுமதி கேட்டு ஜெசிந்தா அக்கா ஒரேயொரு விடயம் சொன்னார். “அண்டைக்கு நான் இந்தச் சபையில கேட்ட மன்னிப்பை இண்டைக்குத் திருப்பி எடுக்கிறன். அதையும் பதியுங்கோ.”

பதிந்தார்கள். குகன் எழும்பி, பெயர் வைக்கும் பிரேரணையை வாபஸ் பெறுகிறேன் என்றார். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. பொழிந்த கல் சபைக் களஞ்சியத்தில் சாக்கால் மூடிக் கிடந்ததை வெளியே வரும்போது கண்டேன். மகள் வேண்டாம் என்ற காணியைச் சபை ஏற்பது பற்றிச் செயலாளரிடம் கேட்டேன். என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் தந்தார். அது இன்றுவரை முடியவில்லை. மீன் விற்கிற பெண்கள் இன்னும் பின்மூலையில்தான் இருக்கிறார்கள்.

வாசலில் குகன் என்னை மறித்தார். “செத்த மனிசனுக்கு வாய் இல்லை அண்ணை. அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கவேணும் நீங்கள்.”

“ஓம். சொல்லியிருக்கவேணும்.”

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அண்ணி குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை. எதிரே நிலத்தில் இருந்தேன்.

“குகன் போன் எடுத்தவன்” என்றார்.

“நான் சொல்லியிருக்கவேணும் அண்ணி. உங்களுக்குத்தான் முதலில சொல்லியிருக்கவேணும்.”

அண்ணி சீவிய காயைத் தண்ணீருக்குள் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

“கடைசி நாலைஞ்சு வருசம் அவருக்கு நித்திரை இல்லை” என்றார். “எழும்பி முத்தத்தில நடப்பார். என்னப்பா எண்டால் ஒண்டுமில்லை எண்டுவார். டொக்டர் சீனி வருத்தம் எண்டார். வயசும் எண்டார். நான் பின்னேரக் கோப்பியை நிப்பாட்டினனான். கோப்பி குடிச்சால்தான் நித்திரை வராதாம் எண்டு ஆரோ சொல்லிச்சினம்.”

நான் தண்ணீர்ச் சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

“கோப்பி எண்டால் அவருக்கு உயிர். ஏன் நிப்பாட்டினனீ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. தந்ததைக் குடிச்சார்.” கத்தியை வைத்துவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார். “நித்திரை வராமல் இருந்தது இதாலையோ தம்பி?”

“இதாலையாய்த்தான் இருக்கும் அண்ணி.”

அண்ணி ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

“அப்ப நான் கோப்பியைக் குடுத்திருக்கலாம்” என்றார்.